ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு

மே 5, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருடந்தோறும் கொடுக்கும் டைரிகளால் இதுவரை கொசுதான் அடித்திருக்கிறேன். இன்று முதல் எழுதப்போகிறேன். நாளைக்கு என்னைப் பற்றி யாராவது எழுத வந்தால் தேதி, கிழமை கேட்பார்கள். அப்போது தலையைச் சொறிந்துகொண்டு நிற்கக் கூடாது.

என் தங்கை பேச்சியம்மாளின் மகள் இசக்கிரேகா காலையில் கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கினாள். திருச்சியில் எம்.பி.ஏ. படிக்கிறாள். விடுமுறையில் எட்டு வாரம் சென்னையில் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் பயிற்சி. கம்பெனியின் பெயர் மூன்று வெள்ளைக்காரர்களை ஒன்றாகக் கட்டிவைத்ததுபோல இருக்கிறது, வாயில் நுழையவில்லை. இவள் வேலை பிடித்துப்போனால் படிப்பு முடிந்ததும் அங்கேயே எடுத்துக்கொள்வார்களாம். தீப்பெட்டி ஆபீசில் ஸ்டூலில் உட்கார்ந்து குச்சி அடுக்கியே பிள்ளையை இதுவரை கொண்டுவந்துவிட்டாள் பேச்சி. "எண்ணே, அவளுக்கு இது மட்டும் கெடச்சிட்டா நான் இந்த ஸ்டூல விட்டு எந்திரிச்சிருவேன்" என்று போனில் சொன்னாள். "நான் இருக்கேம்லா" என்றேன். அந்தக் கம்பெனி முதலாளி எனக்குப் பழக்கம் என்றும் சொல்லிவைத்தேன். பழக்கம் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கன்சல்டிங் என்றால் என்னவென்று சாப்பிடும்போது கேட்டேன்.

"ஒரு எடத்துல என்ன பிரச்சினைன்னு போய்ப் பாத்து, அங்க வேல பாக்குறவங்ககிட்ட பேசி, எப்படிச் சரி பண்ணலாம்னு சொல்றது மாமா."

"அங்க இருக்கிறவனுக்கே தெரியாதா?"

"தெரியும். அவங்க சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

சீ என்றாகிவிட்டது. இதைப் படிக்கவா திருச்சிக்கு அனுப்பினோம்?

மே 6, செவ்வாய்

நானே கூட்டிப்போய் விட்டேன். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம். உள்ளே கால் வைத்ததும் ரோஜாவா சோப்பா என்று தெரியாத ஒரு வாசம் மூக்கில் அறைந்தது. குப்பைத்தொட்டிகூட மணக்கிறது. எனக்குக் குமட்டிவிட்டது. நான் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவின் தலைமை. சூப்பர்வைசர் என்று போட்டிருப்பார்கள், அது காகிதத்துக்கு. இருபத்திரண்டு வருடமாக ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளோடு புழங்குகிறவன். விரிப்பை மூக்கருகே கொண்டுவந்தால் போதும், பிரசவ வார்டா எலும்பு வார்டா என்று சொல்லிவிடுவேன். ஒரு மந்திரி எங்களிடம் படுத்திருந்தபோது விரிப்பைத் தடவிப் பார்த்து, "இது யார் கை?" என்று கேட்டார். அப்பேர்ப்பட்ட மூக்குக்கு இந்த வாசம் ஆகவில்லை.

அங்கே இவளை "ரேகா" என்று கூப்பிடுகிறார்கள். முன்னால் இருந்த இசக்கியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டார்கள்.

மே 9, வெள்ளி

அதிசயம். அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டிருப்பதே எங்கள் ஆஸ்பத்திரிதானாம்! ஆட்களைக் குறைத்து வேலையை வேகப்படுத்த வழி சொல்ல வேண்டும். ஐ.சி.யூ., மருந்தகம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்களாம். தரைக்குக் கீழே இருக்கும் சலவைப் பிரிவுக்கு ஒருவரும் வரவில்லை, நாற்றம். மிச்சம் இவள் தலையில் விழுந்தது. பேச்சியிடம், நான்தான் மேலே பேசி வாங்கிக் கொடுத்தேன் என்றேன்.

"மாமா, ஒரு விஷயம்" என்றாள் பிள்ளை. "நீங்க எனக்கு மாமான்னு அங்க யாருக்கும் தெரியக் கூடாது. சொந்தக்காரங்க இருக்கிற எடத்துல வேல பாக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. தெரிஞ்சா என்னைய மாத்திருவாங்க. இப்ப மாத்துனா வேற எடமே கெடையாது."

"என் வாயில இருந்து வராது தாயி."

அடுக்களையிலிருந்து என் மனைவி சண்முகக்கனி சிரித்த சத்தம் கேட்டது.

மே 13, செவ்வாய்

வந்தாள். என் கண்ணாடி அறையில் உட்காரவைத்தேன். ஃபேனைப் போட்டேன். அங்கிருந்தே பிரிக்கும் மேசை தெரியும். வார்டுகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் பையில் கட்டி வரும். ஒவ்வொன்றாக விரித்து, உதறி, மடிப்பில் மாட்டிய ஊசி, கத்தரி, பஞ்சு, குழாய் எல்லாம் எடுத்துவிட்டு, கறை பட்டது ஒரு பக்கம், படாதது ஒரு பக்கம் போட வேண்டும். அதன் பிறகுதான் இயந்திரம். அந்த மேசையில் மூன்று பெண்கள். மூத்தவள் ஆரோக்கியமேரி, காசிமேட்டுக்காரி.

பிள்ளை வெளியே போய் ஆரோக்கியத்திடம், "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பிரிப்பீங்கக்கா?" என்று கேட்டாள்.

"ஊசி பாக்கறதா, எண்றதா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா" என்றாள் அவள், தலை நிமிராமல்.

மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள் என் மருமகள். பாவமாக இருந்தது. "அவங்ககிட்ட என்னத்தக் கேக்க? என்னையக் கேளு" என்றேன். "ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு. நான் ஒத்த ஆளாப் பிரிப்பேன். பையத் தூக்கும்போதே உள்ள ஊசி இருக்கா இல்லையான்னு கை சொல்லிரும்."

"முந்நூறா?"

"கொறச்சுச் சொல்லுதேன்."

எழுதிக்கொண்டாள். அந்த எழுத்து எவ்வளவு அழகு!

ஆரோக்கியத்திடம் மட்டும், இவள் என் தங்கை மகள் என்று சொன்னேன். ஒருத்தியிடம் சொல்வது சொன்னதாகாது.

மே 14, புதன்

மேசைக்காரிகள் மூவரும் என்னைப் பார்த்து, "மருமவ நல்லா கீறாளா சார்?" என்கிறார்கள்.

மே 20, செவ்வாய்

வீட்டில் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். நீலம், பச்சையில் பட்டைகள். உயரமான பட்டையைத் தொட்டு, "இது நீங்க" என்றாள். பக்கத்தில் மேசைக்காரிகளுக்கு மூன்று குட்டைப் பட்டைகள்.

சண்முகக்கனி எட்டிப் பார்த்தாள். "இருவத்திரண்டு வருசமா இவுக சட்டையில ஒரு கறை நான் பாத்ததில்ல. அப்ப எப்படிப் பிரிப்பாக, கண்ணாலயா?"

பொறாமை. அவளோடு பேசவில்லை.

மே 27, செவ்வாய்

இவளுடைய மேலாளன் நிகில். இருபத்தேழு வயதிருக்கும். சாக்ஸ் போடாமல் ஷூ போடுகிறான். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மதியத்துக்கு இலைதழைகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிப் பச்சையாகத் தின்கிறான். என்னிடம், "முந்நூறு சூப்பர் சார். நாளைக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, நான் டைம் பாக்கறேன்" என்றான்.

"நாளைக்கென்ன, இப்பவே" என்று எழுந்தேன். நல்லவேளையாக அவனுக்கு மீட்டிங் வந்தது.

மே 28, புதன்

இன்றைய நாளைப் பொன்னால் எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன், கையைச் சூடுபடுத்திக்கொள்ள. ஆரோக்கியம் எனக்கு முன்னால் வந்திருந்தாள். மேசையில் பத்துப் பைகள் கட்டித் தயாராக இருந்தன.

"இன்னாத்துக்கு சார் மூஞ்சி இப்டி வேர்த்துக்கீது? பயப்படாத. பத்துப் பையும் நேத்தே நாங்க பிரிச்சி, ஊசி கீசி எல்லாம் எடுத்துட்டு, மறுபடி கட்டி வெச்சிட்டோம். நீ சும்மா தூக்கித் தூக்கிப் போடு. அந்தப் பொண்ணு மானம் போவக் கூடாதுல்ல."

அவர்களாகச் செய்தது. நான் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் அவர்கள் பார்க்கிற மாதிரி மேசையருகே நின்றேனே தவிர, கேட்கவில்லை. எப்படியும் என்னால் முடிந்திருக்கும். பெண்கள் ஆசையாகச் செய்ததைத் தட்டக் கூடாது.

நிகில் கடிகாரத்தை அழுத்தினான். இருபது நிமிடத்தில் நூறு விரிப்பு. ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் முந்நூறு, இம்மி பிசகவில்லை! நிகில் கை தட்டினான். என் மருமகள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

பிள்ளைக்கு வேலை ஏறக்குறைய உறுதி என்று நிகில் சொன்னானாம். பேச்சி போனில் அழுதாள். நான் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கினேன். மேசைக்காரிகளுக்கும் கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

வாந்தி வருகிறது. மதியம் சாப்பிட்ட மீன் சரியில்லை.

கம்பெனியின் பரிந்துரை வந்துவிட்டது. பிரிக்கும் மேசைக்கு ஆள் வேண்டாம். சூப்பர்வைசர் ஒருவரே நான்கு மணி நேரத்தில் முழு நாள் வேலையையும் முடித்துவிடுகிறார் என்று நிரூபணமாகியிருக்கிறது. ஆகவே ஜூலை ஒன்றிலிருந்து மூன்று பெண்களும் நிற்கலாம். ஆஸ்பத்திரி டைரக்டர் அம்மா இருபதாம் தேதி நேரில் வந்து ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

அதில் ஒரு படம். மூன்று குட்டைப் பட்டைகளின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தது. கொசு அடித்த மாதிரி.

"நீயா போட்ட?" என்று கேட்டேன்.

"நிகில் போட்டாரு. எண்ணு நான் குடுத்தது" என்றாள் பிள்ளை. தட்டில் சோறு அப்படியே இருந்தது. "நீங்க சொன்னீங்க, அவரு நேர்ல பாத்தாரு. நான் என்ன மாமா பண்ணட்டும்?"

ஜூன் 11, புதன்

ஆரோக்கியம் கண்ணாடி அறைக்கு வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் உள்ளே வந்தது இதுதான் முதல் முறை. கதவருகே நின்றாள்.

"நாங்க பிரிச்சிக் குடுத்ததத்தான நீ போட்ட? நீயே அவங்களாண்ட சொல்லிடு சார். எங்க வாயால சொன்னா, வேல போவுதுன்னு புளுகறாளுங்கன்னுவாங்க."

"நான் சேர்மன்கிட்டயே பேசுதேன்" என்றேன்.

"சேர்மன்லாம் வேணாம். அந்தத் தம்பியாண்ட சொன்னா போதும்."

அவள் கொண்டுவந்திருந்த தூக்குவாளியில் நெத்திலிக் குழம்பு. வைத்துவிட்டுப் போனாள். திறந்தேன். எத்தனை நாள் அடித்துப்பிடித்துத் தின்ற குழம்பு! இன்று அதன் வாசமே ஆகவில்லை. மூடிவைத்துவிட்டேன். இந்த மருந்து வாசத்தில் மூக்கு கெட்டுப்போயிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

நிகில் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 13, வெள்ளி

நிகில் வந்தான். போனில் பேசிக்கொண்டே இருந்தான். குறுக்கே பேசுவது என் வழக்கமில்லை.

ஜூன் 16, திங்கள்

தூக்குவாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். குழம்பு பிரமாதம் என்றேன். ஆரோக்கியம் வாளியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினாள்.

பேச்சி போன் செய்தாள். அடுத்த வருடம் இந்நேரம் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருப்பேன் என்றாள். எனக்கு அவசர வேலை இருந்ததால் வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

சண்முகக்கனி கேட்டாள்: "நாளைக்கு நெசமாவே நீங்க பிரிச்சிருவீகளா?"

"பிரிக்காம?"

"அந்தப் பொம்பளைங்க மறுபடி பிரிச்சிக் குடுப்பாளுகளா?"

இவளுக்கு யார் சொன்னது? வீட்டில் ஒருத்தன் தூக்கத்தில்கூட நிம்மதியாகப் பேச முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இதை இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் வரும்.

காலை ஏழு மணி. பத்துப் பைகள். வார்டிலிருந்து வந்த கட்டு அவிழ்க்கவே இல்லை. ஆரோக்கியம் தன் கையுறைகளை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நேரம் கீது சார். பிரிச்சி வெக்கட்டுமா?"

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நான் சரி என்றிருந்தால் பிரித்து வைத்திருப்பாள். இத்தனைக்குப் பிறகும்!

"வேண்டாம்" என்றேன். "தொடாதீங்க."

என் திறமையைக் காட்டக் கை துறுதுறுத்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். வேறு காரணமில்லை.

பத்து மணிக்கு டைரக்டர் அம்மா, நிகில், என் மருமகள். ஆரோக்கியம் தன் கையுறைகளைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். அவளுக்கே அளவானவை, என் கைக்குப் போதவில்லை. வெறும் கையோடு முதல் பையை அவிழ்த்தேன். விரித்தேன். உதறினேன். பஞ்சு. அடுத்தது. மூத்திரத்தில் ஊறிக் கனத்திருந்தது. அடுத்ததில் என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். இது வீட்டில் வைக்கும் டைரி. கண்ணில் நீர் முட்டியது. பத்து நிமிடத்தில் நான்கு விரிப்பு.

நிகில் கடிகாரத்தைப் பார்த்தான். "போன தடவை மாதிரி பண்ணுங்க சார்" என்றான்.

போன தடவை மாதிரி ஐந்தாவது விரிப்பின் மடிப்புக்குள் கையை விட்டு இழுத்தேன். சுருக்கென்றது. எடுத்துப் பார்த்தால் வலது கை நடுவிரலில் ஊசி நின்றுகொண்டிருந்தது.

"மாமா!"

அந்தக் கீழ்த்தளம் முழுக்க எதிரொலித்தது. எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தவள் இசக்கிரேகா. குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, "மாமா, மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமாவா?" என்றான் நிகில்.

அந்த ஊசி அங்கே இருந்தது எனக்குத் தெரியும். மூன்று பெண்களின் வேலையைக் காப்பாற்ற வேண்டுமென்றேதான் கையை விட்டேன். யாராவது என்னைப் பற்றி எழுத வந்தால் இதை முதலில் எழுத வேண்டும்.

ஜூன் 21, சனி

யார் உடம்பில் ஏறிய ஊசி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எச்.ஐ.வி. தொற்று வராமல் இருக்க இருபத்தெட்டு நாள் மாத்திரை விழுங்க வேண்டும் என்றார் அவசரப் பிரிவு டாக்டர். ஊரில் கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லிவிடலாம் என்றேன் சண்முகக்கனியிடம். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

காலையில் ஒன்று விழுங்கினேன். மதியம் வரை கக்கினேன்.

ஜூன் 23, திங்கள்

பிள்ளைக்கு வேலை இல்லை. உறவை மறைத்ததற்கு. பயிற்சி முடிந்ததற்குச் சான்றிதழ் மட்டும் தருவார்களாம்.

"நான் நாளைக்கே அந்த முதலாளியப் பாத்து..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு இருவது நிமிசத்துல நூறு எப்படி வந்துச்சு?"

குமட்டிக்கொண்டு வந்தது, மாத்திரை. எழுந்துபோக வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"நெனச்சேன்" என்றாள். "உங்கள மட்டும் சொல்லல மாமா. நாலு எட்டு வச்சா அந்த மேசை. நாத்தம்னு ஒரு மணி நேரம்கூட நான் அங்க நிக்கல. உங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து அவங்களக் கணக்குப் போட்டேன்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 26, வியாழன்

மூன்று நாளாக மேசையருகே நிற்கிறாள். மூக்கை மூடுவதில்லை. நிகில் வரச் சொல்லவில்லை, டைரக்டர் அம்மாவிடம் இவளே அனுமதி கேட்டாளாம். ஆரோக்கியம் ஊசி பார்க்கிறாள், இவள் எண்ணுகிறாள். இன்று புதிதாக ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஓர் ஆள் ஒரு மணி நேரத்துக்கு நாற்பத்திரண்டு. அதற்கு மேல் போனால் ஊசி குத்தும். மூன்று பேர் போதாது, நான்கு வேண்டும். தடித்த கையுறை வேண்டும். பட்டை, பச்சை, நீலம் ஒன்றும் இல்லை.

டைரக்டர் அம்மா படித்துவிட்டு, மூவரும் இருக்கட்டும், கையுறை வாங்குங்கள் என்றார். நான்காவதாக ஆள் எடுக்க மாட்டார்களாம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் சூப்பர்வைசர் மேசையில் நிற்க வேண்டுமாம்.

என் அனுபவத்தை அவ்வளவு மதிக்கிறார்கள்.

ஜூன் 28, சனி

ரயிலேற்றினேன். ஜன்னல் வழியாக, "மாத்திரைய நிறுத்திராதீங்க மாமா" என்றாள். பேச்சியிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "நடந்தத" என்றாள்.

ஜூலை 2, புதன்

பேச்சி பேசினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஒடம்பப் பாத்துக்கோண்ணே. நான் இன்னும் கொஞ்ச நாளு உக்காந்துக்கிடுதேன்" என்றாள். பின்னால் தீப்பெட்டி ஆபீசின் சத்தம்.

ஜூலை 19, சனி

மாத்திரை நேற்றோடு முடிந்தது. ரத்தத்தில் இதுவரை ஒன்றுமில்லை. மூன்றாவது மாதம் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

காலையில் மேசையில் நிற்கும்போது பிள்ளை போன் செய்தாள். வேறு இரண்டு இடங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். கையுறையோடு பேச முடியாது என்று ஆரோக்கியம் போனை வாங்கி என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். என் சட்டை முன்பக்கம் முழுக்கக் கறை.

"இன்னைக்கு எத்தனை மாமா?"

அறுபது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆரோக்கியம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மணி நேரம். ஆரோக்கியம் நாற்பத்திரண்டு. நான் பதினொன்று. அதிலும் இரண்டை அவள் மறுபடி பிரித்தாள்.